வெள்ளிக்கிழமைக்குள் நீ எழுதவேண்டிய பதில்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில் உனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். உனக்குச் சிரிப்பு வரலாம், எரிச்சலும் வரலாம். பொறுத்துக்கொள். நேற்று மாலையிலிருந்து பலமுறை உன்னிடம் வாயெடுத்தேன். நீ நிமிர்ந்து பார்த்ததும் "வெந்நீர் வெக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். இன்று மூன்றாம் வகுப்புப் பெண்களுக்குத் தையல் நடக்கும் நேரத்தில் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் இதை எழுதி, சாயங்காலம் உன் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். படித்துவிட்டு நீயாகக் கூப்பிட்டால் வருகிறேன்.

நான் உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினான்கு வயது. இந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதற்கு மறு வருஷம். எனக்கும் உனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம் என்பது எனக்கே கூச்சமாக இருந்தது. "சித்தி" என்று நீ கூப்பிட்ட முதல் நாள், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நீயும் அப்பாவும் சாப்பிடும்போது பிரெஞ்சில் பேசிக்கொள்வீர்கள். நான் சோறு போட வந்ததும் நீ பேச்சைத் தமிழுக்கு மாற்றிவிடுவாய். அப்பாவுக்கு அது தோன்றவே தோன்றாது, உனக்குத் தோன்றும். அந்த வயதில் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட உனக்கு நான் செய்திருப்பது இன்னதென்று சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

சித்திரையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தாய். சட்டப் பள்ளியில் பரீட்சை முடிந்திருந்தது, மேற்படிப்புக்கு எழுதிப்போட வேண்டிய நேரம். பிரான்சுக்கு அனுப்ப வேண்டியதை அப்பா பார்த்துக்கொண்டார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருபது வருஷம் பிரெஞ்சில் எழுதிய கை அவருக்கு. ஆனால் உன் மனசு சென்னையில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். சட்டத்தை விட்டுவிட்டுப் பொருளாதாரம் எம்.ஏ. படிக்கவேண்டும், ஆலை ஷிப்ட் விடும் நேரத்தில் முதலியார்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து கேட்ட கூலிக் கணக்கையெல்லாம் முறையாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். சென்னைப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. உனக்கோ கண்ணைத் திறந்தால் தலை சுற்றியது. அப்பா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆவாதுடா. நம்ம வூட்டு பி.ஏ. எதுக்கு இருக்காங்க? அவுங்களக் கேளு" என்றார். நீ படுத்தபடியே என்னைப் பார்த்து, "சித்தி, நீங்க பாத்து அனுப்பிடுறீங்களா?" என்றாய்.

தம்பி, இந்த வீட்டில் ஏழு வருஷமாக நான் சமைத்தேன், துவைத்தேன், பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவந்தேன். ஆனால் நான் படித்த படிப்பு உங்கள் இருவருக்கும் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமையில் "அதில் ஒரு பகுதி என்னால் முடியாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு முறையில் படித்தவர்கள், தங்கள் மதிப்பெண் எந்த அளவில் போடப்பட்டது, வகுப்பில் தாங்கள் எந்த இடம் என்பதை ஆசிரியரிடம் எழுதி வாங்கி இணைக்கவேண்டும் என்று அந்தப் படிவத்தின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. அதை நான் படித்தேன். கவனிக்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. உனக்கு இருபதுக்குப் பதினொன்று. பிரெஞ்சுக்காரர்கள் போடும் மதிப்பெண்ணில் அது வகுப்பில் இரண்டாம் இடம். இருபதுக்குப் பதினான்கு வாங்கினவன் இந்த ஊரில் எவனும் இல்லை என்று நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். சென்னைக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லத்தான் அந்தச் சான்று.

அதை வாங்க நான் உன் சட்டப் பள்ளி ஆசிரியர், அந்தப் பிரெஞ்சுக்கார முசியே வீட்டுக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், காலையிலேயே கட்டியிருந்த பாகல்பூர் புடவையோடு, ஒரே ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே கடற்கரைப் பக்கம் நடந்தேன். அந்தத் தெரு எனக்குப் புதிதில்லை. என் அம்மா அந்தத் தெருவில்தான் மீன் விற்றாள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போக, தராசை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். அந்த வெள்ளைக்காரத் தெருவில் அவளுக்கு ஏழெட்டு வாடிக்கை வீடு. உன் முசியே இப்போது குடியிருக்கும் வீடும் அதில் ஒன்று. மீன்காரிகள் யாரும் தெருவாசலுக்குப் போவதில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து, சமையல்கட்டுக் கதவைத் தட்டுவோம். எந்த வீட்டுக்கு எந்தச் சந்து என்பது எங்களுக்குத்தான் தெரியும். அந்த வீடுகளின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தெருவாசலில் நின்றேன். பெரிய கதவு. மாடியில் சிரிப்புச் சத்தம், பிரெஞ்சுப் பேச்சு, கண்ணாடிக் கோப்பைகள் வைக்கும் சத்தம். கூப்பிடும் மணியின் கயிறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. என் வாக்கியம் மறந்துபோய்விட்டது. அப்புறம் பார்த்தால் சந்துக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். போகவேண்டும் என்று நான் தீர்மானிக்கவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமல் போய்விட்டன. சமையல்கட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

கதவைத் திறந்தது சமையல்கார ஆரோக்கியம் அக்கா. தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரும்மா நீ? இரு இரு. நீ ரங்கம்மா பொண்ணுதான? தராசு தூக்கினு வருவியே, மூக்கு ஒழுவிக்கினு?"

"ஆமாக்கா."

"அடேங்கப்பா, டீச்சராட்டம் கீறியே."

"டீச்சர்தாங்க்கா."

"நெசமாவா? ரங்கம்மா சொன்னா, நான்தான் கத விடறான்னு நெனச்சேன். உள்ள வா. மேல விருந்தாளிங்க கீறாங்க, பரவால்ல. மதாமுக்கு உங்கம்மான்னா உசுரு, வஞ்சிரம்னா அவதான் கொண்டாரணும்பாங்க. ரங்கம்மா பொண்ணு வந்துருக்குதுன்னு போய்ச் சொல்றேன், நில்லு."

அவள் ஒரு தப்பான வார்த்தை பேசவில்லை. வாஞ்சையாகத்தான் பேசினாள். அவள் மேலே போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முசியேயின் மனைவி, அந்த மதாம், சிரித்த முகத்தோடு இறங்கி வருவாள், விருந்தாளிகளுக்கு என்னைக் காட்டுவாள், நம் மீன்காரியின் மகள் இவ்வளவு படித்திருக்கிறாள் என்பாள். அதற்குப் பிறகு நான் கைப்பையைத் திறந்து, உங்கள் மாணவனின் தாய் ஸ்தானத்தில் இருக்கிறேன், ஒரு சான்று வேண்டும் என்று கேட்க வேண்டும். "இல்லக்கா, சும்மா இந்தப் பக்கமா வந்தேன், உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். அவள் நம்பிவிட்டாள். மகிழ்ந்துகூடப் போனாள். போகும்போது ஒரு நீளமான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். நான் சான்று வாங்கப்போய் ரொட்டியோடு திரும்பி வந்தேன். அன்று சாயங்காலம் அதைப் பாலில் நனைத்து உனக்குக் கொடுத்தேன். காமாலை வந்ததற்கு அப்புறம் இதுதான் வாய்க்கு ருசியாக இருக்கிறது என்று நீ இன்னொரு துண்டு கேட்டாய்.

மறுநாள் உன் பதினொன்றை ஐந்தால் பெருக்கி, நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்று நானே எழுதி, சான்று இல்லாமல் தபாலில் சேர்த்துவிட்டேன். "எல்லாம் வெச்சு அனுப்பிட்டீங்களா சித்தி?" என்று கேட்டாய். "எல்லாம் வெச்சாச்சு" என்றேன்.

பிறகு நாம் காத்திருந்தது உனக்கே தெரியும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நீ எழுந்து உட்காருவாய். நானும் அடுப்பை விட்டு வெளியே வருவேன். நீ ஆவலில் வருவாய், நான் பயத்தில் வருவேன், பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். முதலில் பிரான்சிலிருந்து வந்தது. சட்டத்தில் மேற்படிப்புக்கு இடம், உபகாரச் சம்பளத்தோடு. அப்பா அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். அதற்கப்புறம் எத்தனையோ நாள் கழித்து சென்னையிலிருந்து வந்தது. பொருளாதாரத்தில் இடம் தர இயலாது, ஐம்பத்தைந்து மதிப்பெண் போதவில்லை, விரும்பினால் சரித்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்று. நீ அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதுதான் சொன்னாய்:

"அவங்களுக்கு நான் வேணாம்னா எனக்கும் அவங்க வேணாம்பா. வெள்ளிக்கெழமைக்குள்ள பிரான்சுக்குப் பதில் போட்டுடறேன்."

"போடு, போடு" என்றார் அப்பா. "ஆனா கப்பல்ல முப்பது நாளு எப்பிடிடா போவ? ரிக்‌ஷால ஏறுனாலே தல சுத்துதுன்ற ஆளு நீ."

"மூட்டையா கட்டி அடியில போட்டுடச் சொல்லுங்க."

"அங்க போனா, நீ எந்த நாட்டுக்காரன், இந்தியாவா பிரான்சான்னு எழுதிக் குடுக்க வேண்டி வருமாம். கோர்ட்டுல பேசிக்கினாங்க. யோசன பண்ணிக்கோ. அப்புறம் மாத்த முடியாது."

"எழுதிக் குடுத்துட்டாப் போச்சு. இங்கதான் அம்பத்தஞ்சு மார்க்குக்காரன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே."

அப்பா சிரித்தார். அந்த ஐம்பத்தைந்தை எழுதினவள் ரசம் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

அதுவரைக்கும்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்தது. சான்று வைத்திருந்தாலும் கிடைத்திருக்காது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். நேற்று அதுவும் போயிற்று. உன்னோடு படித்த ஜோசப்பின் அம்மா லூர்து டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். ஜோசப்புக்குச் சென்னையில் பொருளாதாரத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். "எம்புள்ளைக்கு பத்தே முக்கா தான் டீச்சர். முசியே எழுதிக் குடுத்த கடுதாசிதான் காப்பாத்துச்சு. வகுப்புல அஞ்சாவது புள்ளைன்னு போட்டாரு, அவ்ளோதான், எடுத்துக்கினாங்க. உங்க வூட்டுத் தம்பிதான் ரெண்டாவதாச்சே, அவருக்கு எப்பவோ வந்துருக்குமே?" என்று கேட்டார். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. நான் வாய் பேசாதவள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. தம்பி, கூச்ச சுபாவம் என்று பெயர் வாங்கிவிட்டால் எவ்வளவு சௌகரியம் பார். எல்லாரும் நம்மிடம் பதில் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நானும் என்னை அப்படியே விட்டுவந்திருக்கிறேன். அன்று அந்த வீட்டு வாசலில் என்னைத் திருப்பி அனுப்பியது கூச்சம் இல்லை. என் அம்மாவின் பெயரைச் சொல்லி என்னை யாராவது அழைப்பார்களோ என்று பயந்து ஓடிவந்தேன்.

இது புதிதாக வந்த குணமும் இல்லை. நான் பி.ஏ. முடித்த வருஷம் எனக்கும் உன்னைப்போல் இரண்டு இடம் வந்தது. ஒன்று இங்கிலீஷ் எம்.ஏ., இன்னொன்று ஆசிரியர் பயிற்சி. குப்பத்தில் தபால்காரர் வந்தாலே வலை உலர்த்துகிற பெண்கள் கூடிவிடுவார்கள். "இன்னாடி, பொண்ணு பாக்க வர்றாங்களா? தேதி போட்டுட்டாங்களா?" என்று என் அம்மாவைக் கேலி பண்ணுவார்கள். அவளும் விடமாட்டாள். "ஆமாண்டி, மெட்ராஸ்காரன் ரெண்டு பேரு போட்டி போடறான், எவனுக்குக் குடுக்கறதுன்னு தெரியல" என்பாள். எம்.ஏ.தான் எனக்கு ஆசை. ஆனால் அதற்கு விடுதியில் சேரவேண்டும், சேரும் நாளில் பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து விடுதித் தலைவியைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பயிற்சிக் கல்லூரிக்கு அது வேண்டியதில்லை, தெரிந்த கன்னியாஸ்திரீ மடத்தில் தங்கிக்கொள்ளலாம். நான் பயிற்சியை எடுத்துக்கொண்டேன். சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள், "எனக்கு இன்னா தெரியும், நீ பாத்து செஞ்சா சரிதான்" என்றாள். மெட்ராசுக்குக் கட்டிக்கொண்டு வர அவள் ஒரு புதுப்புடவை எடுத்து வைத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதை என் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டாள்.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு நாம் பிறரிடம் சொல்லும் காரணம் ஒன்று இருக்கும், உள்ளே இருக்கும் காரணம் ஒன்று இருக்கும். பிறரிடம் சொல்வது எப்போதும் கௌரவமாகவே இருக்கும். உள்ளே இருப்பதை ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். நான் பார்க்காமல் முடிவு செய்தேன். பயிற்சிக் கல்லூரி கெட்ட இடம் இல்லை, ஆசிரியர் வேலை கெட்ட வேலை இல்லை, அந்த வேலையால்தான் உங்கள் வீட்டுக்கும் வந்தேன். ஆனாலும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சில நாள், நான் இங்கே வந்தது எதற்குப் பயந்து என்பது ஞாபகம் வந்து கை நின்றுவிடும். பிரான்சு உனக்குப் பிடித்திருந்தால் போ. அந்தச் சட்டமும் பெரிய படிப்புதான். ஆனால் சென்னை உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்ற கோபத்தில் போகாதே. சென்னைக்கு உன்னை யார் என்றே தெரியாது. அவர்களுக்குத் தெரியாமல் செய்தது நான். நீ நாட்டையே மாற்றி எழுதிக்கொடுக்கப் போவது ஒரு பெண் வாசல்மணியை அடிக்கப் பயந்தாள் என்பதற்காக இருக்கக்கூடாது.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் சென்னையில் இப்போதும் சான்றைப் பார்க்கிறார்களாம், லூர்து டீச்சரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தேன். கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இன்று நீ படித்ததும் அவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். அவர் கோபப்படமாட்டார், கேலி பண்ணி ஆற்றப் பார்ப்பார். எனக்கு அதுதான் கஷ்டம். நீயாவது கோபப்படு. "பரவாயில்லை சித்தி" என்று உடனே சொல்லிவிடாதே. நீ அப்படிச் சொல்லக்கூடியவன் என்பதால்தான் இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன்.

இனி, கேட்கலாமா வேண்டாமா என்று இந்தக் கடிதம் முழுவதும் தள்ளிவைத்துக்கொண்டே வந்ததைக் கேட்கிறேன். நாளை சாயங்காலம் முசியே வீட்டுக்கு என்னோடு வா. சான்றை நீயே போய் வாங்கிக்கொள்ளலாம், உனக்கு ஐந்து நிமிஷ வேலை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னை அழைத்துக்கொண்டு போ. தெருவாசலில் நில், சந்துப் பக்கம் நான் திரும்பினால் கையைப் பிடித்து நிறுத்து. உள்ளே போனதும் நான் யார் என்று கேட்பார்கள். எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும், சொல்ல நேரமாகும், நீ பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எனக்காகப் பேச வருவாய். பேசாதே. எவ்வளவு நேரமானாலும் பேசாமல் இரு. என் அம்மா ரங்கம்மாவின் பெயரை அந்த வீட்டுக் கூடத்தில் நான்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தி